மலாக்காவின் மதுவழிச் சாலை: ஒரு நாள் மகிழுந்துப் பயணத்தில் அறுநூறு ஆண்டு வரலாறு



ஆஸ்திரேலியாவில் குடியேறிய உறவினர்கள் அனுப்பும் படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மெல்பர்ன் நகருக்கு அருகில் யாரா பள்ளத்தாக்கு, அடிலெய்டு நகருக்கு அருகில் பரோசா பள்ளத்தாக்கு. காலையில் மகிழுந்தில் புறப்படுகிறார்கள். வழியில் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கிறார்கள். மது வடிக்கும் சாலைகளில் இறங்கிச் சுவைக்கிறார்கள். இடையிடையே மலை, அருவி, ஆற்றங்கரை. மாலையில் வீடு திரும்புகிறார்கள். அந்த ஊர்களுக்கு மது ஒரு பெருமை. யார் நட்டது, எந்த ஆண்டு வடித்தது, எந்தக் குடும்பம் நடத்துவது என்று புட்டியின்மேல் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்.

நம் மலாக்காவில் திராட்சை விளைவதில்லை. ஆனால், இந்த மாநிலத்தில் மது வடித்ததற்கு அறுநூறு ஆண்டு பழமையான எழுத்துச் சான்று இருக்கிறது. அந்த மது இறங்கிய மரங்களும் அது விற்ற இடங்களும் இன்றைய சாலைகளின் ஓரத்திலேயே இருக்கின்றன. கடந்த பள்ளி விடுமுறையில் இரண்டு ஆசிரிய நண்பர்களோடு எங்கள் தஞ்சோங் கிளிங்கிலிருந்து புறப்பட்டு மாநிலத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். மொத்தத் தொலைவு இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவு. பார்த்தவற்றையும் முன்பே படித்திருந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இது குடியைப் போற்றும் கட்டுரை அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியின் வரலாற்றைப் பேசாமல் தோட்டப்புறத் தமிழர் வரலாற்றைப் பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

புறப்பாடு: தஞ்சோங் கிளிங்

தஞ்சோங் என்றால் மலாய் மொழியில் கடலுக்குள் நீண்டிருக்கும் முனை. 'கிளிங்' என்பது தென்னிந்தியரைக் குறிக்க இந்தத் தீவுக்கூட்டத்தில் பல நூற்றாண்டுகளாக வழங்கிய சொல். கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து அது பிறந்தது என்பர். இன்று அச்சொல்லை ஒருவரை நோக்கிச் சொன்னால் வசை. ஊர்ப்பெயரில் மட்டும் அது வரலாறாக நிற்கிறது. எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. மலாக்கா பேரரசாக இருந்த பதினைந்தாம் நூற்றாண்டில் தமிழ் வணிகர்கள் இந்தத் துறைமுகத்தின் செல்வர்களாக இருந்தனர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவது என் வழக்கம். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபின், நைனா சாத்து என்னும் வணிகரைத்தான் அயல்குடிகளுக்குத் தலைவராக அமர்த்தினார்கள். 1514-இல் அப்பதவி பறிபோனபோது அவர் தீயில் இறங்கி உயிர்விட்டார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஊரில் ஹங் துவா சமாதி என்று வழங்கும் நினைவிடத்தைக் கடந்து, கடலை இடப்புறம் வைத்துக்கொண்டு வடக்கே சென்றோம். சுங்கை ஊடாங் வட்டாரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் தெரிகின்றன. அதைத் தாண்டி மஸ்ஜிட் தானா, பிறகு தஞ்சோங் பிடாரா கடற்கரை. சவுக்கு மர நிழலில் காலை உணவை முடித்துக்கொண்டு கோலா லிங்கியை நோக்கிப் போனோம்.

கோலா லிங்கி: நீப்பாக் காடு

லிங்கி ஆறு கடலில் கலக்கும் இடம் மலாக்காவுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் எல்லை. ஆற்றுமுகத்தின் மேட்டில் டச்சுக்காரர்கள் 1757-இல் கட்டிய பிலிப்பினா கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. பூகிஸ் படைகளுக்கு அஞ்சிக் கட்டிய கோட்டை அது. பத்தாவியாவிலிருந்த தலைமை ஆளுநரின் மகள் பெயரை அதற்குச் சூட்டினார்கள். கோட்டையைவிட எங்களை ஈர்த்தவை ஆற்றோரச் சதுப்பில் வளர்ந்திருந்த நீப்பா மரங்கள்.

நீப்பா ஒரு பனை இனம். ஆனால், நிலத்துக்குமேல் அடிமரம் தெரியாது. சேற்றிலிருந்து நேராக ஓலைகள் மட்டும் எழும். உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகங்களில்தான் இது செழிக்கும். கூரை வேய, பாய் முடைய, சுருட்டுச் சுற்ற என அதன் ஓலைக்கு ஆயிரம் பயன். மரத்தின் பழக்குலையைத் தாங்கும் காம்பை அடிக்கடி ஆட்டி, வளைத்து, பக்குவம் வந்தபின் குலையை அறுத்துவிட்டு, வெட்டுவாயில் குழாயைக் கட்டினால் இனிய சாறு சொட்டும். அதைக் காய்ச்சினால் வெல்லம். அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் புளித்து மது. மேலும் விட்டால் காடி.

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணங்களில் உடன்வந்த மா ஹுவான் என்னும் மொழிபெயர்ப்பாளர் தாம் கண்ட நாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதி அது. மலாக்காவைப் பற்றிய பகுதியில், நீர்க்கரையில் வளரும் நாணல் போன்ற நீண்ட இலையுடைய ஒரு மரத்தைச் சொல்கிறார். அதிலிருந்து ஊர் மக்கள் மது செய்கிறார்கள், குடித்தால் போதை ஏறும், இலையைப் பாயாக முடைந்து விற்கிறார்கள் என்கிறார். பழத்திலிருந்து மது எடுப்பதாக அவர் எழுதியிருக்கிறார். காம்பின் சாற்றிலிருந்து எடுப்பதே இம்மரத்துக்குரிய வழக்கம். அந்த ஓர் இடத்தை விட்டுவிட்டால், அவர் விவரிப்பது நீப்பாதான் என்பதில் ஐயமில்லை. 1613-இல் மலாக்காவைப் பற்றி நூல் எழுதிய எரேடியா, மலாக்காவிலேயே பிறந்தவர். அவரும் நீப்பா மதுவைக் குறிப்பிடுகிறார்.

ஆக, மலாக்காவில் பனை மது முதலில் நம்மோடு வந்தது அன்று. தமிழ்த் தோட்டத் தொழிலாளி இந்த மண்ணில் காலடி வைப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே இங்கே மது இருந்தது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நானிங்: சிப்பாய்களின் சாலையும் குத்தகைக் கணக்கும்

கோலா லிங்கியிலிருந்து லுபோக் சீனா வழியாக உள்நாட்டுக்குத் திரும்பினால் தாபோ நானிங் வட்டாரம் வரும். மினாங்கபாவ் வழிவந்த மக்கள் வாழ்ந்த சிறு நாடு நானிங். 1824-ஆம் ஆண்டு ஆங்கில–டச்சு உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், நானிங்கும் தமக்கு வரி கட்ட வேண்டும் என்றார்கள். நானிங்கின் தலைவர் டோல் சாயிட் மறுத்தார். 1831-இல் சென்ற முதற்படை தோற்றுத் திரும்பியது. 1832-இல் பெரிய படை காட்டை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே முன்னேறித் தாபோவைப் பிடித்தது. அந்தப் படையில் பெரும்பாலோர் சென்னை மாகாணச் சிப்பாய்கள். அலோர் காஜாவில் ஆங்கிலேய வீரர்களின் கல்லறைகள் பேணப்படுகின்றன. சென்னைச் சிப்பாய்களுக்கு அப்படி ஓர் அடையாளத்தை நான் அங்கே காணவில்லை.

ஒரு சிறு நாட்டின் வரிக்காகப் போருக்குப் போன அரசு, வருவாய்க்கு வேறு எதை நம்பியிருந்தது? இங்கேதான் நம் பொருள் வருகிறது. பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய மூன்றும் 1826-இல் நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒன்றாக்கப்பட்டன. துறைமுகங்களில் சுங்கம் இல்லை. கட்டற்ற வணிகம் என்பதே அவற்றின் கொள்கை. சுங்கம் இல்லையென்றால் அரசு நடக்கப் பணம் வேண்டுமே! அபின், சாராயம், கள், பங்கி போன்றவற்றை விற்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். அதிகத் தொகை கேட்டவர் குத்தகைக்காரர். அவர் அரசுக்கு மாதந்தோறும் பணம் கட்டிவிட்டு, மக்களிடம் விற்று ஆதாயம் எடுத்துக்கொள்வார். மக்கள் எவ்வளவு அதிகமாகக் குடிக்கிறார்களோ அவ்வளவு உயரத்துக்கு அடுத்த ஏலம் போகும். 1910-ஆம் ஆண்டு அபினையும் சாராயத்தையும் அரசே நேரடியாக ஏற்று நடத்தத் தொடங்கும்வரை இம்முறை நீடித்தது.

ஏழை உடலுழைப்பாளியின் களைப்புத்தான் இந்த அரசின் முதல். சீனச் சுரங்கத் தொழிலாளிக்கு அபின். தமிழ்த் தொழிலாளிக்குக் கள். வணிகருக்கு வரியில்லை, கூலிக்கு மறைமுக வரி என்பதுதான் இதன் பொருள்.

காடேக்: சிறிது இளைப்பாறல்

அலோர் காஜாவிலிருந்து தம்பின் போகும் வழியில் காடேக் வெந்நீர் ஊற்று இருக்கிறது. கந்தக மணம் வீசும் வெந்நீரில் காலை நனைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம். தோல் நோய்க்கும் மூட்டு வலிக்கும் நல்லது என்று சொல்லி முதியவர்கள் பலர் வருகிறார்கள். பக்கத்தில் அமர்ந்திருந்த சீன முதியவரும் மலாய் அம்மையாரும் முழங்கால் வலியைப் பற்றி ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த ஊற்றைத் தவற விடாதீர்கள்.

புக்கிட் அசகான்: தோட்டமும் கள்ளுக்கடையும்

காடேக்கிலிருந்து செலாண்டார், நியாலாஸ் வழியாக அசகான் சென்றோம். வழிநெடுகச் செம்பனை. தொலைவில் குனோங் லேடாங் மலை நீல நிறத்தில் எழுந்து நிற்கிறது. இதே மண்ணில் ஒரு காலத்தில் முதலில் மரவள்ளி, பிறகு இரப்பர்.

1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 இரப்பர் நாற்றுகள் வந்தன. அவற்றின் வழித்தோன்றல்களை வைத்துக்கொண்டு, பூங்காவின் இயக்குநர் ரிட்லி, பயிரிடுங்கள் பயிரிடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் ஓயாமல் சொல்லிவந்தார். பலரும் அவரைப் பித்தர் என்றே எண்ணினர். கேட்டு நட்டவர் மலாக்காவின் மரவள்ளித் தோட்டக்காரர் டான் சாய் யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் அவர் போட்டதுதான் மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம். அடுத்து அவர் புக்கிட் அசகானில் மிகப் பெரிய பரப்பில் நட்டார். மலாயாவின் இரப்பர் வரலாறு தொடங்கியது நம் மாநிலத்தில் என்பதை மாணவர்களுக்குப் பெருமையோடு சொல்லலாம்.

மரம் வளர்ந்ததும் பால் வெட்ட ஆள் வேண்டும். கங்காணிகள் தமிழகத்துக்குப் போய்த் தம் ஊர், தம் உறவு என்று ஆள் திரட்டி வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையும் உதவிப் பயண முறையும் 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை நடந்தன.

தோட்டத்தின் ஒரு நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. இருள் பிரியும்போதே கித்தா மரங்களுக்குள் இறங்க வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். நண்பகல் வாக்கில் பாலைச் சேகரித்துத் தூக்கிச் சென்று நிறுத்துக் கொடுக்க வேண்டும். பிற்பகலில் வேலை முடியும்போது கைகால் ஓய்ந்துவிடும். பக்கத்தில் பட்டணம் இல்லை. போக வண்டி இல்லை. படிக்க நூலகம் இல்லை. லயத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு கொட்டகை இருக்கிறது. அது கள்ளுக்கடை. வேலை முடியும் நேரத்தில்தான் அது திறக்கும்.

இந்தக் கடை தோட்டத்துக்குள் தானாக முளைத்ததன்று. உரிமம் பெற்று, தோட்ட நிர்வாகத்தின் கண்காணிப்பில் நடந்தது. அதற்குத் துரைமார் சொன்ன காரணங்கள் சில. உள்ளே கள் கிடைக்காவிட்டால் வெளியே போய்ச் சம்சு குடித்து மறுநாள் பெரட்டுக்கு வரமாட்டான் என்பது ஒன்று. கள்ளில் சத்து இருக்கிறது என்பது இன்னொன்று. கடை இல்லாத தோட்டத்தைவிட்டுக் கடை உள்ள தோட்டத்துக்கு ஆள் போய்விடுவான் என்பது மூன்றாவது. கள்ளுக்கடை ஆதாயத்திலிருந்து திருவிழாவுக்கும் விளையாட்டுக்கும் நிதி ஒதுக்கிய தோட்டங்களும் உண்டு. தொழிலாளியின் பணத்தையே வாங்கி, அதில் ஒரு பகுதியைத் தொழிலாளிக்குக் கொடையாகத் திருப்பித் தந்தார்கள்.

கள்ளின் தன்மையையும் இங்கே சொல்ல வேண்டும். தென்னையின் விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியைக் காலையும் மாலையும் சீவினால் சாறு வடியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் இறக்கும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் பியருக்கு நிகரான போதை ஏறும். ஒரு நாள் கடந்தால் புளிப்பு மிகும். ஆகவே கள்ளைச் சேர்த்து வைக்க இயலாது. அன்றன்றே விற்றுத் தீர்க்க வேண்டும். தண்ணீர் சேர்ப்பது, சர்க்கரை கலப்பது போன்ற முறைகேடுகளுக்கும் இந்த அவசரமே வழி வகுத்தது.

அசகான் வட்டாரத்தில் ஒரு கோயிலின் திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். பால்மரம் வெட்டி ஓய்ந்த கைகள். கள்ளுக்கடை நினைவிருக்கிறதா பாட்டி என்று கேட்டேன்.

"அதை மறக்க முடியுமா வாத்தியாரே! சம்பளம் போட்ட அன்னிக்கு எங்கப்பா காசுல பாதி அங்கேயே நின்னுடும். எங்கம்மா சம்பளத்துலதான் எங்களுக்கு அரிசி. ஆனா பொம்பளைங்க குடிக்கலேன்னும் சொல்ல மாட்டேன். உடம்பு வலிக்குதுன்னு வாங்கிக் குடிச்சவங்களும் இருந்தாங்க. தீபாவளிக்கு ஆப்பத்து மாவு புளிக்கவும் அங்கேருந்துதான் ஒரு கோப்பை வாங்கியாருவோம்."

ஒரே பேச்சில் கேடும் சொன்னார், பயனும் சொன்னார். 1920-களின் இறுதியில் முதன்மைத் தோட்ட வட்டாரங்களில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இரப்பர் விலை வீழ்ந்த 1930-இல் அது முறையே 40 காசும் 32 காசுமாகக் குறைந்தது. அந்த 32 காசில் குடும்பத்துக்குச் சோறு போட்ட தாய்மார்களை நம் வரலாற்று நூல்கள் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் எண்ணம்.

எதிர்த்து நின்றவர்கள்

இந்தப் பகுதிக்காகவே இக்கட்டுரையை எழுதினேன் என்றும் சொல்லலாம். "தமிழன் என்றால் குடிகாரன்" என்னும் பேச்சை நம் பிள்ளைகள் மற்றவர் வாயிலாகக் கேட்கிறார்கள். சில வேளை நம்மவர் வாயிலாகவே கேட்கிறார்கள். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் எழுந்து, "சார், நம்ம ஆளுங்க மட்டும் ஏன் சார் இப்படி?" என்று கேட்டான். அவனுடைய வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு அறிவுரை போதாது, வரலாறுதான் விடை.

தாய்நாட்டில் 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. தந்தை பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்குத் தலைமை ஏற்றனர். பெரியார் தமது தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். 1937-இல் இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இச்செய்திகள் கப்பலேறி இங்கும் வந்தன. 1929-ஆம் ஆண்டு இறுதியில் பெரியாரே மலாயா வந்து பேசினார். சீர்திருத்தச் சங்கங்கள் தோட்டந்தோறும் தோன்றின. 1936-இல் மலாயா மத்திய இந்தியர் சங்கம் அமைந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. ஆர். எச். நாதன் அதன் முன்னணித் தலைவர். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளை மாணவர்களுக்கு நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் இழிவுக்கு முடிவு ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. குடிப்பவர்கள் என்று இகழப்பட்ட அதே மக்கள், கடையை மூடு என்று எழுதிக் கொடுத்தார்கள்! அரசு படையை அனுப்பியது. உயிர்கள் பலியாயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. ஏ. எம். சாமி அதன் தலைவர். பெண்களும் இளைஞர்களும் அணிவகுத்துத் தோட்டக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947-இல் பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் மறியலைக் காவல்துறை கலைத்தபோது மோதல் மூண்டது. அதே ஆண்டில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தொண்டர் படை ஒடுக்கப்பட்டது. சாமி சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ஒரு கள்ளுக்கடையைத் திறந்து வைத்திருப்பதற்காகவா இவ்வளவு காவல் என்று கேட்கத் தோன்றும். கடையைவிட, தொழிலாளர் ஒன்றாக அணிவகுத்ததே ஆட்சியாளரை அஞ்ச வைத்தது என்று நான் கருதுகிறேன். குடியை விட்டவன் அடுத்துக் கூலியைக் கேட்பான். அதற்கடுத்து உரிமையைக் கேட்பான். கிள்ளான் கோரிக்கைப் பட்டியலில் இம்மூன்றும் சேர்ந்தே வந்ததைப் பார்த்தோம் அல்லவா?

லேடாங் மலையடி

கோயிலிலிருந்து கிளம்பி லேடாங் மலையடிக்குப் போனோம். 1,276 மீட்டர் உயரமுள்ள இம்மலை மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் இடையில் நிற்கிறது. மலாக்காப் பக்கச் சரிவில் அசகான் அருவி. ஜொகூர்ப் பக்கத்தில் சாகில் அருவி. மழைக்காலத்தில் ஓடை திடீரெனப் பெருகும். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கவனமாக இருங்கள். லேடாங் மலை இளவரசி மலாக்கா சுல்தானிடம் கேட்ட சீர்வரிசையை எல்லோரும் அறிவோம். பொன் பாலம், வெள்ளிப் பாலம், கொசுவின் நெஞ்சு, ஒரு சாடி கண்ணீர். அந்தப் பட்டியலில் ஒரு சாடி இளம்பாக்குச் சாறும் உண்டு. பனை இனச் சாறு இந்த நாட்டுக் கதைகளிலும் விடவில்லை என்று நண்பர் சொல்லிச் சிரித்தார்.

திரும்பும் வழியும் இன்றைய நிலையும்

ஜாசின் வழியாகத் திரும்பி, புக்கிட் லிந்தாங்கைத் தொட்டுக்கொண்டு மலாக்கா நகரை அடைந்தோம். மலாயாவின் முதல் இரப்பர்த் தோட்டம் இருந்த பகுதியில் இன்று குடியிருப்புகள் பெருகியிருக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நகரில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலையும் பார்த்துவிடலாம்.

தோட்டக் கள்ளுக்கடைகளை யாரும் ஒரே நாளில் மூடவில்லை. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டன, துண்டாடப்பட்டன. மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். லயங்கள் காலியானபோது கடைகளும் காலியாயின. ஆனால், இடம் பெயர்ந்த குடும்பத்தோடு குடிப்பழக்கமும் இடம் பெயர்ந்தது. கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. சிறு புட்டி, மலிவு விலை, கள்ளைவிடப் பன்மடங்கு கடுமை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் அதற்கெதிராகப் பல்லாண்டு பரப்புரை செய்தன. 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்குவதற்கான குறைந்த வயது 18-லிருந்து 21-ஆக உயர்ந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் அயல்நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். நூறாண்டுக்கு முன் தமிழ்த் தொழிலாளி நின்ற இடத்தில் இன்று வேறு நாட்டுத் தொழிலாளி நிற்கிறார். களைத்த உடலையும் துணையற்ற வாழ்வையும் தேடித்தான் மலிவு மது போகிறது. இனத்தைத் தேடிப் போவதில்லை.

மாணவர்க்கு என்ன சொல்வது?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு என் எளிய கருத்துகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, குடி நம் இரத்தத்தில் வந்தது என்னும் பேச்சை ஆண்டுகளை வைத்தே மறுக்கலாம். மா ஹுவான் கண்ட நீப்பா மது, குத்தகை ஏலம், உரிமம் பெற்ற தோட்டக் கடை என்று வரிசையாகச் சொன்னால், ஒரு பழக்கம் எப்படி ஒரு வருவாய்த் துறையாக மாறியது என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

இரண்டாவது, வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. கடையை வைத்தவன் ஒருவன். நாள்தோறும் அதற்குள் போனவர் நம் பாட்டனார். அவர் கை ஓங்கியபோது அடிபட்டவர் நம் பாட்டியார். கடை போனபின்னும் பழக்கத்தை விடாதவர்களும் நாமே. இதை மறைத்தால் வீட்டில் அந்தத் துன்பத்தைக் காணும் பிள்ளை நம் பாடத்தை நம்பாது.

மூன்றாவது, எதிர்த்தவர்களின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாகம்மையார், நாதன், சாமி ஆகியோரும், பெயர் எழுதப்படாத தொண்டர் படைப் பெண்களும் நம் பிள்ளைகளுக்கு முன்னோர்களே. என்னிடம் கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் எழுதிக் கொடுத்தது இந்தப் பெயர்களைத்தான்.

வாய்ப்புள்ளவர்கள் இந்த வழியில் ஒருமுறை போய்வாருங்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாம். தோட்டப்புறக் கோயில்களில் முதியவர்களைக் கண்டால் அமர்ந்து பேசுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடும் இடத்தோடும் எழுதி வையுங்கள். ஒலிப்பதிவு செய்ய முடிந்தால் இன்னும் நன்று. கள்ளுக்கடையைக் கண்ணால் கண்ட தலைமுறை எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.